கேட்காமல் செய்த சத்தியம்

பெருநகர் கிராமம்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள நைனா வசந்துக்கு,

உன் அம்மா செவ்வந்தி எழுதுவது. நானும் உன் அப்பாவும் உடம்புக்குக் குறை இல்லாமல் இருக்கிறோம். நீ எப்படி இருக்கிறாய் என்றுதான் தெரியவில்லை. போன் போட்டால் எடுப்பதில்லை. வாட்ஸப்பில் அனுப்பினால் ஒரு டிக்கோடு நின்றுவிடுகிறது. உன் ஓசூர் ரூம் விலாசத்தை உன் கூடப் படித்தவனிடம் கெஞ்சி வாங்கினேன். எழுத்து கோழி கிளறியது போல இருந்தால் சிரித்துக்கொள். சிரிக்கவாவது செய்.

இங்கே அறுப்பு நடக்கிறது. அப்பா மெஷின் ஓட்டிக்கொண்டு தாமல் பக்கம் போயிருக்கிறார். வீட்டில் இருந்தாலும் என்னோடு பேசுவதில்லை, தட்டைத் தள்ளினால் சோறு வேண்டும் என்று அர்த்தம். நான் வழக்கம் போல செருப்பு கம்பெனி வேனில் போய் வருகிறேன். கையில் கொப்புளம் இருப்பதால் பசை பட்டால் எரிகிறது. அது எப்படி வந்தது என்று உனக்குத் தெரியும்.

நைனா, எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. யோசித்து யோசித்து மண்டை காய்கிறது. நடந்ததை எழுதுகிறேன், நான் எங்கே தவறினேன் என்று நீயே பார்.

பொங்கல் லீவில் நீ வந்திருந்தபோது ஹெட்போன் கெட்டுப்போய், போனை ஸ்பீக்கரில் போட்டு அந்தத் துப்பாக்கி கேமை ஆடிக்கொண்டிருந்தாய். நான் பக்கத்தில் அவரைக்காய் ஆய்ந்துகொண்டிருந்தேன். ஊர் பேர் தெரியாத பையன்களின் குரல்கள் கேட்டன. ஒருவன், "டேய் ஒம்போது, உனக்கு பொண்ணுங்கள புடிக்காதாமே, பசங்களத்தான் புடிக்குமாமே, உங்க ஊர்க்காரனே சொல்றான்டா" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். அதில் ஒரு சிரிப்பு எனக்குத் தெரிந்த சிரிப்பு. வேதாசலம் மகன் தினேஷ்குமார், நம் வீட்டுச் சோறு தின்று வளர்ந்தவன்.

இது என்னடா என்று கேட்டேன். கேம் என்றால் அப்படித்தான், எல்லாரையும் திட்டுவார்கள் என்றாய். நான் காது கொடுத்துக் கேட்டேன். மற்றவனை எல்லாம் சுடத் தெரியாதவன் என்று திட்டினார்கள். உன்னைத் திட்டும்போது மட்டும் சுட்டதைப் பற்றிப் பேச்சே இல்லை. அப்படிப்பட்டவர்களோடு ஏன் ஆட வேண்டும், அணைத்துப் போட்டால் என்ன என்றேன். அவர்களை விட்டால் உனக்குச் சிநேகிதர்கள் இல்லை என்றாய். அதுவும் எனக்குப் புரியவில்லை.

எனக்குக் கோபம் வந்தால் கண் தெரியாது. நம் ஊரில் ஒருத்தன் நம் பிள்ளையைத் தப்பாகப் பேசினால் அவன் வாசலில் போய் நின்றுதானே நியாயம் கேட்போம்? நானும் அதைத்தான் செய்தேன். அவர்கள் சொன்ன வார்த்தையை ஒன்று விடாமல் வேதாசலம் வாசலில் நின்று கத்தினேன். போனுக்குள் இருந்த பேச்சைத் தெரு முழுக்கக் கொண்டுவந்து கொட்டியது நான்தான் என்று அப்போது தோன்றவில்லை. வேதாசலம் திண்டாடி நிற்பான் என்று நினைத்தேன். அவனோ, "இல்லாததயா சொல்றானுங்க? இல்லன்னா அம்மன் முன்னால சூடம் அணைச்சி சத்தியம் பண்ணு, பாக்கலாம்" என்றான். கூட்டமாகக் கோயிலுக்குப் போனோம். "என் புள்ள அப்டிப்பட்டவன் இல்ல, இது அவன் தலமேல சத்தியம்" என்று சொல்லி, எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அணைத்தேன். எல்லாரும் வாயை மூடிக்கொண்டார்கள். ஜெயித்துவிட்டேன் என்று திரும்பினால் நீ நிற்கிறாய். உன் முகத்தில் ரத்தமே இல்லை.

வீட்டுக்கு வந்து நீ கேட்டது ஒன்றே ஒன்று. "சத்தியம் பண்றதுக்கு முன்னாடி என்ன ஒரு வார்த்த கேட்டியாம்மா?" என்றாய். இதில் கேட்க இன்னா கீது என்றேன். விடிந்ததும் பையை எடுத்துக்கொண்டு உத்திரமேரூர் பஸ் ஏறிவிட்டாய்.

அதற்குப் பிறகு தினேஷ்குமார் வந்து, "சும்மா கேம்ல சொன்னதுதான் அத்த" என்றான். சும்மா சொன்னது என்றால் நீ ஏன் போனாய்? நான் உன் பக்கம்தானே நின்றேன், என் மேல் ஏன் கோபம்? உன் தலைமேல் அல்லவா சத்தியம் செய்தேன்? அது பொய்யாக இருந்தால் உனக்கல்லவா ஆகும்? நீ போன் எடுக்காத ஒவ்வொரு முறையும் உனக்கு என்னவோ ஆகிவிட்டது என்றே நினைக்கிறேன்.

பயந்துபோய்ப் பூசாரி பெருமாளிடம் போனேன். "சத்தியம் மெய்யின்னா ஒண்ணும் வாணாம். பொய்யின்னா ஈரப் பொடவையோட, ஊரு பாக்க கோயில சுத்திவந்து மன்னிப்பு கேக்கணும். உன்து மெய்யா பொய்யா?" என்று கேட்டார். எனக்குத் தெரியாது என்றேன். தெரிந்துகொண்டு வரச் சொன்னார்.

உன்னைக் கேட்டு எழுதலாம் என்று உட்கார்ந்தேன். அன்றைக்குக் கேட்காதவள் இன்றைக்கு எந்த முகத்தோடு கேட்பது? போன வெள்ளிக்கிழமை, கூட்டம் இருக்கும் நேரமாகப் பார்த்து, குளத்தில் முங்கி எழுந்து ஈரப் புடவையோடு கோயிலைச் சுற்றினேன். வேதாசலம் பெண்டாட்டி சசிரேகா, "அப்ப அது பொய்யா?" என்று எல்லார் காதிலும் விழக் கேட்டாள். என் பிள்ளைக்கு ஒன்றும் ஆகக் கூடாது, அவ்வளவுதான் என்றேன். ஊர் என்ன நினைத்ததோ நினைத்துக்கொள்ளட்டும். அப்பாவுக்கும் சேதி போயிருக்கும்.

எனக்கு இப்போதும் முழுசாகப் புரியவில்லை நைனா. புரிய எவ்வளவு நாள் ஆகுமோ. அதுவரைக்கும் நீ காத்திருக்காதே. நீ பதில் சொல்ல வேண்டாம். போன் பண்ணி, சாப்பிட்டேன் என்று சொன்னால் போதும். அம்மன் உன் கூடவே இருக்கட்டும். ஊரார் முன்னால் நான் சத்தியம் செய்து காட்டிய பிள்ளை எனக்கு வேண்டாம். நீ வா.

உன் அம்மா,
செவ்வந்தி