பட்டறைக் கூரையில் மரநாய்

ஜூன் 4

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நான் நலம். நீ கேட்கமாட்டாய் என்பதால் நானே சொல்லிக்கொள்கிறேன்.

உன் பேட்டியைப் படித்தேன். காட்டில் புலி தேடிக்கொண்டிருந்த உன்னை, ஊருக்குள் வாழும் விலங்குகள் பக்கம் திருப்பியது உன் பேராசிரியையாம். கால் முறிந்து என் மோட்டார் வைண்டிங் பட்டறையில் மூன்று மாதம் கிடந்தாயே, அப்போது கூரையில் ஓடிய மரநாயைக் காட்டி, "மேல பாருடா, உன் புலிக்கு ஒண்ணுவிட்ட தங்கச்சி போறா" என்றது யார்? அந்த மகராசியா?

இப்போது வாரம் தவறாமல் வருகிறாய். ஏணியில் ஏறி, அசைவு தெரிந்தால் தானே படமெடுக்கும் அந்தக் கேமராவில் கார்டை மாற்றிவிட்டு, "வரேன்க்கா" என்று கிளம்புகிறாய். மரநாய்க்கு இருக்கிற மரியாதை எனக்கில்லை.

உன் அக்கா

ஜூன் 11

அன்புள்ள அக்காவுக்கு,

கோபிக்காதே. உன்னைப் பற்றியும் சொன்னேன், பத்திரிகையில் வெட்டிவிட்டார்கள்.

இரண்டு வாரமாக மரநாய் படத்தில் இல்லை. அடுத்த வாரமும் வராவிட்டால் கேமராவை வேறு இடத்துக்கு மாற்றவேண்டியதுதான். கேமராவுக்கு முன்னால் மட்டும் யாரும் போகவேண்டாம்.

தம்பி

ஜூன் 14

தம்பிக்கு,

அவசரப்படாதே. வரும்.

அக்கா

ஜூலை 27

அக்கா,

ஆறு வாரமாக மரநாய் ஒருநாள் தவறாமல் வந்தது. பேராசிரியையிடம் பெருமையடித்துக்கொண்டேன். கட்டுரை எழுத உட்கார்ந்து, இதுவரை மேலோட்டமாகப் புரட்டிய படங்களையெல்லாம் நிதானமாகப் பார்த்தால், ஓரத்தில் ஒரு கை வாழைப்பழம் வைக்கிறது. மோட்டார் வைண்டிங்குக்குப் பூசும் வார்னிஷின் கறை படிந்த கட்டைவிரல். யாருடையது என்று கேட்கமாட்டேன்.

யாரும் தீனி வைக்காமல் ஊருக்குள் அது எப்படிப் பிழைக்கிறது என்பதுதான் என் ஆராய்ச்சியே. அத்தனை படமும் வீண். ஏன்க்கா இப்படிச் செய்தாய்?

தம்பி

ஆகஸ்ட் 1

தம்பிக்கு,

முன்னால் போகாதே என்றாய். போகவில்லை. பின்னாலிருந்துதான் கையை நீட்டினேன்.

மன்னிப்பெல்லாம் கேட்கமாட்டேன். மரநாய் வராவிட்டால் கேமராவை மாற்றிவிடுவேன் என்று எழுதியது நீதான்; கேமரா போனால் நீயும் வரமாட்டாய். அது பழத்துக்கு வந்தது. நீ அதற்காக வந்தாய். உன் பேராசிரியை இதையும் கட்டுரையில் சேர்த்துக்கொள்ளட்டும்.

பழம் வைப்பதை நிறுத்திவிட்டேன். கேமராவையும் நானே கழற்றி, துணியில் சுற்றி, இத்துடன் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். இனி நீ இங்கே வர என்னைத் தவிர வேறு காரணம் கிடையாது.

ஞாயிற்றுக்கிழமை பட்டறை விடுமுறை. வீட்டில்தான் இருப்பேன்.

அக்கா