மாடி ஏறாத மழைக்கணக்கு

அன்புள்ள மகனுக்கு,

அம்மா எழுதுவது. நீயும் உன் வீட்டுக்காரியும் சுகமாக இருப்பீர்கள். இங்கே நாங்கள் இருவரும் சாப்பிடுகிறோம், தூங்குகிறோம், ஒருவரோடு ஒருவர் பேசுவதில்லை, இதைச் சுகம் என்று வைத்துக்கொள். உன் அப்பாவுக்குக் குடிநீர் நிலையத்தில் நடந்த பாராட்டுக் கூட்டத்தில் நீ அனுப்பிய பேச்சைத் திரையில் போட்டார்கள். முப்பத்திரண்டு ஆண்டு இந்த நகரத்தின் மழையையும் வெயிலையும் ஒரு நாள் விடாமல் குறித்த மனிதர் என்றாய், அந்த ஏடுகள்தான் உன் ஆராய்ச்சிக்கே அடிப்படை என்றாய், அதோடு நிறுத்தியிருக்கலாம். "எங்கம்மாவுக்கு மழைன்னா கொடியில இருக்கிற துணிய எடுக்கணும், அவ்வளவுதான் தெரியும்" என்றாய். கூடமே சிரித்தது, உன் அப்பாவும் சிரித்தார், அவர் சிரித்ததைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

இப்போது கேள். மழைமானியும் வெப்பமானியும் இருந்தது அந்த நிலையத்தின் மேல்மாடியில், நூற்றுப் பன்னிரண்டு படி. முதல் பதின்மூன்று ஆண்டில் உன் அப்பா மேலே போன நாட்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். கீழே காவல்காரர் அறையில் சீட்டாடிக்கொண்டே ஜன்னலில் வானத்தைப் பார்ப்பார், நேற்றைய எண்ணில் கொஞ்சம் கூட்டிக் குறைத்து எழுதுவார். பிறகு இடுப்பெலும்பு முறிந்தது, வேலை போய்விடும், உன்னிடம்கூடச் சொல்லக் கூடாது என்று என்னை அனுப்பினார், தலைமை எழுத்தரும் கண்டும் காணாமல் இருந்துவிட்டார். பத்தொன்பது ஆண்டு காலையும் மாலையும் ஏறியவள் நான், எண் என்னுடையது, கையெழுத்து அவருடையது. நீ வெளிநாடு கிளம்பிய அன்று வழியனுப்ப வரவில்லை என்று இன்னமும் குத்திக்காட்டுகிறாய், அன்று மாலை நாற்பத்தொரு மில்லிமீட்டர், எழுதிவிட்டு நனைந்துகொண்டே ஓடி வந்தேன், நீ போயிருந்தாய். பதினான்காம் ஆண்டிலிருந்து நகரத்தின் வானிலை திடீரென்று தடுமாறுகிறது, ஓர் ஆண்டு கொட்டுகிறது, ஓர் ஆண்டு காய்கிறது என்று பெரிய கண்டுபிடிப்பாக எழுதியிருக்கிறாய். தடுமாறியது வானிலை இல்லையடா, உன் அப்பாவின் கால். அதற்கு முன்னும் கொட்டியது, காய்ந்தது, பார்க்கத்தான் ஆளில்லை. வெயில் ஏறுவது பொய்யில்லை, என் ஏடுகளில் அது மெல்ல மெல்ல ஏறுகிறது, ஆனால் மெல்ல ஏறுவதற்கு யார் உனக்குக் கைதட்டுவார்கள்?

பாராட்டுக் கூட்டத்துக்கு மறுநாளே வானிலை அலுவலகத்துக்குப் போனேன். "வீட்டுச் சண்டைய ஆபீசுக்குக் கொண்டு வராதீங்கம்மா" என்றார் அதிகாரி. ஒரே ஒரு தேதியைச் சொல்லி அந்தப் பக்கத்தை எடுக்கச் சொன்னேன். வெள்ளம் உன் தங்கச்சியைக் கொண்டுபோன நாள். விடிய விடியக் கொட்டித் தெருவில் படகு விட்ட அந்த நாளுக்கு உன் அப்பா எழுதியிருந்த மழை ஆறு மில்லிமீட்டர். அவர் புளுகுவது எனக்குத் தெரியும், அந்த நாளிலும் புளுகியிருப்பார் என்று தெரியாது. அதிகாரி மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டார். கூட்டத்தில் அவருக்குக் கொடுத்த கேடயத்தை ஆள் அனுப்பித் திரும்ப வாங்கிப் போனார்கள். "நான் போற வரைக்குமாவது பொறுத்திருக்கக் கூடாதாடி" என்று உன் அப்பா அழுதார். அந்தப் பக்கத்தின் நகலை அவர் முன்னால் வைத்துவிட்டுச் சமையலறைக்குப் போய்விட்டேன்.

அதிகாரியின் கடிதம் உனக்கு வரும், பதில் போடத் தவறாதே. அப்பாவை நம்பிவிட்டேன் என்று அதிகாரிக்கு எழுதிக்கொள், எனக்கு அப்படி எழுதாதே. ஏடு முழுவதையும் நாள் நாளாகக் கணினியில் ஏற்றியவன் நீ. அவள் கை உன் கையிலிருந்து நழுவிய தேதி உனக்கு மறந்திருக்காது. அந்த ஆறு மில்லிமீட்டரை நீ பார்த்தாய். பார்த்துவிட்டு அடுத்த எண்ணுக்குப் போயிருக்கிறாய்.

உன் பிள்ளைகள் நீண்ட ஆயுளோடு இருக்கட்டும். உனக்கு என்ன வாழ்த்துவது என்று இன்றைக்குத் தெரியவில்லை.

இப்படிக்கு,
உன் அம்மா