அத்தானின் காற்று இயந்திரம்

செவ்வாய்க்கிழமை, இரவு

கோபம் இன்னும் ஆறவில்லை. காற்றில் மின்னேற்றம் பெற்ற துகள்களைப் பரப்பி முட்டு வருத்தத்தை, அதாவது ஆஸ்துமாவை, குணப்படுத்தும் என்று சொல்லித்தான் அக்காவின் கணவர் எங்களுக்கு அந்த இயந்திரத்தை விற்றார். "இனி இன்ஹேலரைத் தூக்கி எறியுங்கோ" என்றார். நம்பினோம். போன கிழமை என் மகள் மூச்சு விட முடியாமல், உதடு நீலமாகி ஆஸ்பத்திரியில் கிடந்தாள்.

"அந்த மெஷினிலயிருந்து வாற ஓசோன் வாயு முட்டு வருத்தத்தைக் கூட்டவும் கூடும், அம்மா. இன்ஹேலரை ஏன் நிப்பாட்டினீங்கள்?" என்று டொக்டர் கேட்டார்.

இன்று தோட்டவெளி ஊரில் ஒரு மண்டபத்தில் அத்தான் விற்பனைக் கூட்டம் வைத்தார். அக்காவும் வந்திருந்தாள். "ஆருக்கும் சந்தேகம் இருந்தால் கேளுங்கோ" என்றார் அவர். நான் எழும்பினேன்.

"அத்தான், உங்கட மகனுக்கும் முட்டுத்தானே. அவன் ஏன் இன்னும் இன்ஹேலர் இழுக்கிறான்?"

இருந்தவர்கள் எழும்பிப் போகத் தொடங்கினார்கள். கதிரைகள் ஒவ்வொன்றாக வெறுமையாகின. அக்கா என்னைப் பார்க்காமலே வெளியே போனாள். அது நெஞ்சைச் சுட்டது. ஆனாலும் இந்த ஒரு கூட்டம் கலைந்தது போதாது. நாளை அரிப்பு ஊரில் அவருக்குக் கூட்டமாம். மகளையும் கூட்டிக்கொண்டு போய் அவர் கண்ணுக்கு நேரே உட்காரப் போகிறேன்.