சரோஜாவுக்கு ஒரு மைக், எனக்கு ஒன்று

ஜூன் 8, திங்கள்

வெயில் குறையவில்லை. வேலைகள்: டெஸ்ட் ரிப்போர்ட் நகல் மூன்று, ரேஷன், மைக் விசாரிக்க.

வெள்ளிக்கிழமை சரோஜாவுக்கு ஆபரேஷன். குரல்வளையை எடுத்துவிடுவார்கள். டாக்டர் இரண்டு முறை சொன்னார். தலையாட்டினேன். ஒன்றும் தோன்றவில்லை. இப்போதும் இல்லை.

மைக் யோசனை அவளுடையது. எங்கள் மகள் மாலா செல்லில் கேட்கும் பாட்காஸ்ட் மாதிரி பலாச் சமையல் பேச வேண்டுமாம். பலாவுக்குப் பேர்போன காடாம்புலியூர்க்காரி. கொட்டையில் மட்டும் ஏழு விதம் செய்வாள்.

"கொரல் இருக்கறப்பவே பேசிடறேங்க. அப்பறம் நீங்க பேசறதத்தான ஆயுசுக்கும் கேக்கணும்."

ஜூன் 9, செவ்வாய்

மெயின் பஜார். ச.வும் வந்தாள். கடைக்கார பாயின் மகள் ஏழாவதில் என்னிடம் அறிவியல் படித்தவள். மேசை மைக்கா, கிளிப் மைக்கா? அரை மணி நேரக் குழப்பம்.

"அம்மா தலைய ஆட்டி ஆட்டிப் பேசறாங்க சார். சட்டைல குத்துற கிளிப்தான் சரி. ஜோடியா வரும். செல் திரைல உங்க பேச்சு தனிக் கோடா ஓடும், அம்மா பேச்சு தனிக் கோடா ஓடும்."

"எனக்கு எதுக்கு பாய்?"

"நீங்க பேசாம இருப்பீங்களா சார்?"

ச. சிரித்தாள். பாதியில் இருமலானது. பாய் வேறு பக்கம் பார்த்தார்.

ஜூன் 10, புதன்

பதிவு, சமையலறையில். ஃபேன் நிறுத்தம், ஜன்னல் சாத்தல், ஃபிரிட்ஜ் பிளக் பிடுங்கல். வேர்த்து ஊற்றியது. பலாக்கொட்டைப் பொரியல், நாற்பது நிமிடம். நன்றாகப் போனது என்றே நினைத்தேன்.

மாலையில் போட்டுக் கேட்டோம். "கொட்டைய மொதல்ல..." என்கிறாள் ச. உடனே நான்: "தோல் ஏன் கடினம்? உதாரணத்துக்கு, நம் நகத்தை எடுத்துக்கொள்ளுங்கள்." அவள் உப்பு என்றால் நான் கடல். அவள் ஆவி என்றால் நான் ரயில் இன்ஜின். செல்லில் என் கோடு கோரைப்பாய் மாதிரி அடர்த்தி. அவள் கோட்டில் அங்கங்கே ஒரு குச்சி.

முப்பத்து மூன்று வருட வகுப்புப் பழக்கம். பிள்ளை பாதி பதில் சொன்னதும் மீதியை நானே சொல்லி, "சரியாச் சொன்ன" என்பேன்.

"பரவால்ல வுடுங்க. பாடம் நல்லாத்தான் இருக்கு."

திட்டியிருக்கலாம்.

ஜூன் 11, வியாழன்

மேகமூட்டம். நாளை காலை ஆறு மணிக்கு வண்டி. பை தயார்: ஃபிளாஸ்க், துண்டு, ரிப்போர்ட், ஸ்லேட், சாக்பீஸ். ஸ்லேட்டை அவளே எடுத்து வைத்தாள்.

பத்து மணிக்கு மறுபடி பதிவு. என் மைக்கைப் பெட்டியில் வைத்துவிட்டேன். வாய் நிறையத் தண்ணீர். வகுப்பில் வாயாடிகளுக்கு நான் கொடுக்கும் தண்டனை. ச. பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள். பிறகு பேசினாள். செம்மண்ணில் பிரட்டி வைப்பது, தோல் உரிப்பது, வேக வைக்கும் பதம். என் வாய் நாலு தடவை துடித்தது.

"கொட்டைன்னா வாயு புடிக்குங்க. அதனால பத்துப் பல்லு பூண்டு சுட்டு, மையா நசுக்கிப் போட்டுடணும். எங்க வூட்டுக்காரரு பூண்டுன்னா தட்டையே தொடமாட்டாரு. நானும் போட்டுக்கினேதான் இருக்கேன், கல்யாணம் ஆன நாள்லேர்ந்து. அவருக்குத் தெரியாது."

என்னைப் பார்த்தாள். பதிலுக்குக் காத்திருந்தாள்.

தண்ணீரை விழுங்கிவிட்டேன். பேசவில்லை.