விஷம் வைத்தவள் எழுதுவது

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நீ சௌக்கியமாத்தான் இருப்பே, உனக்கென்ன குறைச்சல். நான் சௌக்கியமான்னு நீ கேக்கல, அதனால நானும் சொல்லப் போறதில்ல. அப்பா நேத்து ஐ.சி.யூ.விலிருந்து சாதாரண வார்டுக்கு வந்துட்டார். போன்ல சொன்னா பாதியில வச்சிடுவே, அதான் எழுதறேன், முழுசா படி.

நுரையீரல்ல சளி கட்டி அவரைச் சேர்த்த நாலாம் நாள் நீ வீடியோ கால் போட்டே, நர்ஸ் நல்ல மனசோட போனைப் பிடிச்சுக் காட்டினா. உங்கம்மா மருந்துல விஷம் கலக்குறா, என்னை இங்க அடைச்சு வச்சிருக்கான்னு அவர் சொன்னார், நீயும் நம்பிட்டே. நாற்பத்திரண்டு வருஷம் அவரோட குடும்பம் நடத்தினவளை ஒரு வார்த்தை கேட்டியாடி? ஆஸ்பத்திரிப் பாரத்துல முதல் போன் நம்பர் உன்னோடதுங்கிற ஜம்பத்துல, அம்மாவை உள்ளே விடாதீங்கன்னு சொல்லிட்டே. படிச்ச பொண்ணு, விவரமா பேசுவான்னு அந்த நம்பரை எழுதிக் குடுத்தவளே நான்தான், என் புத்தியைச் சொல்லணும். அதே நாள் அவர் டாக்டரைப் பார்த்து, படியில தொங்காதே, உள்ள போன்னு அதட்டினார் தெரியுமா? ரிட்டயர் ஆகி பதினோரு வருஷம் ஆன பஸ் டிரைவர், கட்டில் கம்பியை ஸ்டீரிங்னு பிடிச்சுக்கிட்டு பிரேக் பிடிக்கலன்னு கத்தினார். கட்டில் பஸ் இல்லன்னு உனக்குத் தெரியுது, பெத்தவ கொலைகாரி இல்லன்னு மட்டும் தெரியலையா?

மூணு நாள் வராந்தா நாற்காலியில கிடந்தேன். டியூபைப் பிடுங்கறார்னு உள்ளே அவர் கையைக் கட்டிட்டாங்க. மூணாம் நாள் கத்தல் நின்னதும், அம்மா போகாததால அப்பா அமைதியாயிட்டார்னு அத்தைகிட்ட பெருமை அடிச்சியாம். எது அமைதி? மூத்த நர்ஸ் ஒருத்தி, புத்தி தெளிஞ்சிருக்கான்னு பார்க்க அவர் கையைப் பிடிச்சு, எழுத்தா சொல்லிக்கிட்டு வரேன், 'அ' வந்தா மட்டும் அழுத்துங்கன்னா. அவர் ஒண்ணுக்கும் அழுத்தல. கல் தண்ணியில மிதக்குமான்னு கேட்டா, ஆமான்னு தலையாட்டினார். இவர் தெளியல, உள்ளுக்குள்ள குழம்பித்தான் கிடக்கார், கத்துறவங்களைக் கவனிப்பாங்க, இப்படிச் சத்தமில்லாமக் கிடக்கிறவங்களை விட்டுடுவாங்கன்னு அவதான் டாக்டர்கிட்ட போய் நின்னா. டெலிரியம்னு பேராம். பைத்தியம் இல்ல, நோயும் மருந்தும் தூக்கமில்லாததும் சேர்ந்து மூளை தடுமாறுது. வீட்டு ஆள் பக்கத்துல இருந்தே ஆகணும்னு டாக்டரே வந்து என்னை உள்ளே கூட்டிட்டுப் போனார்.

என் தப்பும் உண்டு, மறைக்கல. அவர் கண்ணாடியையும் காது மிஷினையும் கவர்ல போட்டுக் குடுத்தாங்க, தொலைஞ்சிடப் போகுதுன்னு பீரோவுல வச்சுப் பூட்டிட்டேன். கண்ணும் தெரியாம காதும் கேக்காம, சுத்தி முகமூடி போட்ட ஆளுங்க, மனுஷன் யாரைத்தான் நம்புவார். ரெண்டையும் எடுத்துட்டு வந்து மாட்டி விட்டேன். கைக்கட்டை அவிழ்த்தாங்க, மயங்க வைக்கிற மருந்தைக் குறைச்சாங்க, பகல்ல திரையை விலக்கி நாற்காலியில உட்கார வச்சாங்க. இன்னிக்கு என்ன கிழமை, இது எந்த இடம், நான் யாருன்னு மணிக்கொரு தரம் சொல்லிக்கிட்டே இருந்தேன். விஷம்னு துப்பினப்போகூட வாதாடல, நான் பக்கத்துலதான் இருக்கேன்னு மட்டும் சொன்னேன். நான் உள்ளே போன அஞ்சாம் நாள், அதே கேள்விக்குக் கல் மூழ்கிடும்னார்.

நேத்து அவருக்கு அங்கங்க ஞாபகம் வந்திருக்கு. உன்னை என்னென்னமோ சொல்லிட்டேன் போலிருக்கேன்னு என் கையைப் பிடிச்சுக்கிட்டு அழுதார், மன்னிச்சிடுன்னார். நீ பண்ணினதை நான் சொல்லல, தாங்க மாட்டார். பாப்பா என்னைப் பத்தி விசாரிச்சாளான்னு கேட்டார், தினமும் என்கிட்டதான் கேக்குறான்னு வாய் கூசாமப் பொய் சொன்னேன்.

வேளைக்குச் சாப்பிடு, உடம்பைப் பார்த்துக்கோ, நல்லா இரு. எவ்வளவு கோபம் வந்தாலும் பெத்த வாய்ல வேற வார்த்தை வரல. ஞாயித்துக்கிழமை காலையில மறக்காம அவருக்குப் போன் போடு, கண்ணாடி மாட்டி உட்கார வச்சிருப்பேன். புத்தி கலங்கிக் கிடந்த மனுஷன் என்கிட்ட மன்னிப்பு கேட்டாச்சு. உனக்குப் புத்தி நல்லாத்தானே இருக்கு?

இப்படிக்கு,
உன்னைப் பெத்தவ