எட்டு ஆர், இருபது சென்ட்

ஜூலை 8, செவ்வாய்

காலையிலிருந்து சாரல். நெல்லியாம்பதி மலை தெரியவே இல்லை. மாட்டுக்குத் தவிடு வாங்க வேண்டும். சரசுவுக்குக் கஞ்சி இரண்டு கரண்டி இறங்கியது, அதுவும் கெஞ்சி. வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஆஸ்பத்திரியில் சொன்னால் என்ன அர்த்தம், எனக்குத் தெரியாதா.

மகள் போனில், "மாமனுக்குச் சொல்லிடலாமாப்பா?" சரசு காதில் விழுந்துவிட்டது.

"எம்மேல அவங் கோடி விழக்கூடாதுங்க. இருபது சென்ட் தர்றேன்னு சொல்லிப்போட்டு எட்டு எழுதுனவன்."

மூன்று வருடமாக இதே பாட்டு. மகள் கல்யாணத்துக்கே அவள் அண்ணனைக் கூப்பிடவில்லை. தாய்மாமன் சீர் இல்லாமல் தாலி ஏறியது. இப்போது இது. பிறந்த வீட்டுக் கோடிச் சேலை போர்த்தாமல் எங்கள் பக்கம் ஒரு பொம்பளையையும் எடுத்ததில்லை.

ஜூலை 9, புதன்

வெயில். தவிடு மறந்துவிட்டது. நிலம் அளக்கும் ரீசர்வேக்காரர்கள் வந்தார்கள், மூன்று கால் மெஷினோடு ஒரு பெண். சரசுவுக்கு மச்சான் எழுதிக்கொடுத்த நிலத்துண்டு, அவர் தோப்பை ஒட்டி. நாங்கள் அதில் கால் வைத்ததே இல்லை, அவ்வளவு ரோஷம். நிலத்தின் உடமஸ்தர் நிற்க வேண்டும் என்றார்கள், போனேன். அளந்து முடித்து அந்தப் பெண் சொன்னாள்:

"இருபது சென்ட் கரெக்டா உண்டு சேட்டா."

"ரசீதுல எட்டுன்னுதானுங்க இருக்குது?"

"அது எட்டு ஆர். ஒரு ஆர்னா ரெண்டரை சென்டுக்குப் பக்கம் வரும்."

வீட்டுக்கு வந்து என் பூமி ரசீதைப் பிரித்தேன். ஒரு ஏக்கர். போட்டிருப்பது 40.47. வருடா வருடம் வரி கட்டி மடித்து வைக்கிறேன், ஒரு நாளாவது பார்த்தேனா. ரசீது மலையாளம், எங்களுக்குப் படிக்க வருவது எண் மட்டும். வாயில் வருவது சென்ட், ஏக்கர். சரசு ரசீதில் இருக்கும் 8.09 என்றால் எட்டு சென்ட் என்று நாங்களே தீர்ப்பு எழுதிக்கொண்டோம். மச்சானுக்கும் மலையாளம் படிக்கத் தெரியாது. சரசு ரசீதை வீசியபோது, ஆதாரப் பத்திரம் எழுதியவன் தப்புப் பண்ணிவிட்டானோ என்று முழித்தார். அதைத்தான் திருட்டு முழி என்றாள். நானும் தலையாட்டினேன். த்தூ.

ஜூலை 10, வியாழன்

சொன்னேன். நம்பவில்லை. "நான் நிம்மதியாப் போகோணும்னு கதை உடறீங்க." போனில் கணக்குப் போட்டுக் காட்டினேன். முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து அவளே, "அடிக் கணக்குல அளந்துட்டு வாங்க. ஆரெல்லாம் எனக்குத் தெரியாதுங்க."

டேப்போடு வரச் சொல்லி மச்சானுக்குப் போன். எதற்கு என்றுகூடக் கேட்கவில்லை, டேப்போடு வந்து நின்றார். இளைத்திருக்கிறார். அவர் ஒரு முனை, நான் ஒரு முனை. 99 அடி நீளம், 88 அகலம். "அம்மிணி சாப்படறாளா மாப்ள?" நன்றாகச் சாப்பிடுகிறாள் என்று பொய் சொன்னேன்.

சரசு கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். உதடு அசைந்தது. சந்தையில் காய் விற்றவள், மனக்கணக்கில் என்னை எப்போதும் முந்துவாள். "எட்டாயிரத்து எழுநூத்திச் சொச்சம். சென்டுக்கு நானூத்தி முப்பத்தாறு சதுர அடி." நிறுத்தினாள். "இருபதுங்க." பிறகு அழுதாள். அழக்கூடத் தெம்பில்லை. பார்க்க முடியாமல் மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனேன்.

திரும்பி வந்ததும், "ஏனுங்க, அண்ணனப் பச்சையில எடுக்கச் சொல்லுங்க. அவருக்கு எப்பவும் நீலந்தான் கைக்கு வரும்."

எதை என்று நான் கேட்கவில்லை.

ஜூலை 11, வெள்ளி

தவிடு வாங்கியாச்சு. மச்சான் நாள் முழுக்கக் கட்டில் ஓரம். நிலத்தைப் பற்றி இருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் ஊட்டினால் கஞ்சி இறங்குகிறது, நான்கு கரண்டி. எனக்குப் பொறாமையாகக்கூட இருந்தது.

ஜூலை 14, திங்கள்

நல்ல மழை. பந்தலுக்குத் தார்ப்பாய் இரவல். மாடு கறக்கவில்லை, கத்திக்கொண்டே இருக்கிறது. மச்சான் கொல்லங்கோட்டில் கடை கடையாக ஏறி இறங்கி, நனைந்துபோய் வந்தார். கோடிச் சேலைப் பையை மட்டும் சட்டைக்குள் வைத்திருந்தார், அது நனையவில்லை.

பச்சை.