கண்ணாடி போடாமல் எடுத்த அழைப்பு

12 ஜூன், வியாழன்

கடைசியில் எனக்கும் ஒரு அழைப்பு கிடைத்தது! மகள் திவ்யா அந்தச் செயலியைப் போனில் ஏற்றிக் கொடுத்ததிலிருந்து காத்திருந்தேன். பார்வையில்லாதவர்கள் வீடியோவில் கூப்பிடுவார்கள், நாம் பார்த்துச் சொல்ல வேண்டும். காசு கொடுத்து உதவ நம்மிடம் எங்கே இருக்கிறது, கண்ணையாவது கொடுப்போமே. ஆனால் ஒரே நேரத்தில் பல பேருக்கு மணி அடிக்கும். நான் அடுப்பை அணைத்துவிட்டு வருவதற்குள் எவரோ எடுத்துவிடுவார். இன்று ரசம் பொங்கட்டும் என்று ஓடினேன்.

ஒரு பெண். மேசையில் இரண்டு மாத்திரை அட்டைகள். "அக்கா, அப்பாவுக்குக் குடுக்கணும். இதுல எது சுகர், எது பிரஷர்?" சொன்னேன். "தேங்க்ஸ்க்கா" என்று வைத்துவிட்டாள். ரசம் போனாலும் மனசு நிறைந்தது.

13 ஜூன், வெள்ளி

கண்ணாடி போட்டிருந்தேனா?

காலையில் பேப்பர் படிக்கத் தேடினால் டிவி மேல் கிடக்கிறது. நேற்றும் அங்கேதான் கிடந்தது. அப்படியென்றால் எழுத்தைப் படித்தா சொன்னேன்? இல்லை. பச்சை அட்டையைப் பார்த்ததும் சுகர் என்றேன் — என் வீட்டுக்காரருடைய சுகர் மாத்திரை பச்சை அட்டை. அவ்வளவுதான் நான் படித்த லட்சணம்.

14 ஜூன், சனி

கரையான்சாவடி மருந்துக்கடையில் கேட்டேன். "கலர வச்சுலாம் சொல்ல முடியாதும்மா. கம்பெனிக்கு ஒரு கலர்ல வரும்." பிரஷர் மாத்திரையையே பச்சை அட்டையில் எடுத்துக் காட்டினார்.

பாவி, என்ன காரியம் செய்தேன். மாற்றிப் போட்டால் வயசானவர் மயங்கி விழுந்துவிட மாட்டாரா? அந்தப் பெண்ணுக்குப் பக்கத்தில் யாராவது இருக்கிறார்களா? பேரும் தெரியாது, ஊரும் தெரியாது. திரும்பக் கூப்பிட வழியே இல்லை.

16 ஜூன், திங்கள்

செயலிக்காரர்களுக்குத் திவ்யாவை எழுதச் சொன்னேன். அழைத்தவர் விவரம் தர இயலாதாம், என் சேவைக்கு நன்றியாம்.

இவர் வேறு: "இன்னாத்துக்கு இப்டி குந்திகினு கீற? நல்லதுதானே பண்ணே?" நல்லதா! பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதை.

19 ஜூன், வியாழன்

மணி அடித்தது. எடுக்கவில்லை.

22 ஜூன், ஞாயிறு

மறுபடி அடித்தது. கண்ணாடி இப்போது கயிறு கட்டிக் கழுத்திலேயே தொங்குகிறது. மாட்டிக்கொண்டு எடுத்தேன்.

நம்ம பக்கத்து ஆள், பேச்சிலேயே தெரிந்தது. "மேடம், இந்த மாத்திர பேரு இன்னான்னு பாத்து சொல்லுங்க." எழுத்து எழுத்தாகப் படித்தேன்.

"அட, இது பிரஷர் மாத்திரயாச்சே! மொதல்ல எடுத்த அம்மா சொரத்துக்குன்னுட்டாங்க."

"ஐயோ, போட்டுட்டீங்களா?"

"நீங்க வேற! மாத்திரன்னா ரெண்டு பேராண்ட கேக்காம வாயில போட மாட்டோம் மேடம். எங்காளுங்க அல்லாரும் அப்டித்தான்."

அந்தப் பெண்ணின் கதையை உளறிக் கொட்டினேன். அவளும் கேட்டிருப்பாளா?

"கேட்டிருக்கும் மேடம். கண்ணுதான் இல்ல, புத்தி கீதுல்ல?" என்று சிரித்தார்.

போனை வைத்துவிட்டு நன்றாக அழுதேன். அழுது முடித்த பிறகுதான், அவருக்குச் சுரத்துக்கு என்று சொன்ன அந்த முதல் அம்மாவின் நினைவு வந்தது. எந்த ஊரோ, யாரோ. கண்ணாடி போட்டிருந்தோமா என்று இந்நேரம் யோசித்துக்கொண்டிருப்பார். அவருக்குச் சொல்ல எனக்கும் வழியில்லை.